பின்பக்க ஜன்னல்

14.8.2003, வியாழன். பாஸ்டருக்குக் கொடுத்த சீட்டில் அப்பாவின் வயதை அறுபத்தெட்டு என்று எழுதிவிட்டேன். அறுபத்தொன்பது. அடக்கத்துக்கு முன் திருத்த வேண்டும்.

டைரியை ஜெபா மூடும்போது வாசல் கேட் கிரீச்சிட்டது. இன்னும் விடியவில்லை. கூடத்தில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் அப்பா மோசஸ். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள் சுருண்டு தூங்கினார்கள்.

கேட்டில் ஆள் இல்லை. தினமும் அப்பாவோடு நடக்கும் இரண்டு தெருநாய்கள் மட்டும் உள்ளே பார்த்தபடி நின்றன. அப்பா நடக்கக் கிளம்பும் நேரம் அது.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் தோட்ட வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சுகர் வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். "சும்மா நடந்தா போர் அடிக்குதும்மா. வூட்டுக்கு வூடு நின்னு, ஆண்டவர்கிட்ட ரெண்டு வார்த்த சொல்லிகினு போறேன்" என்றார். வயது ஏற ஏற நடையும் வேகமானது, நிற்கும் நேரமும் நீண்டது. நேற்றும் போய்வந்தவர்தான், ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

அம்மா புற்றுநோயில் போனதிலிருந்து ஜெபா கோயிலுக்குப் போகவில்லை. ஒருநாள் தன் கட்டிலருகே அப்பா முழங்காலில் நிற்பதைப் பார்த்துக் கத்தினாள்.

"எனக்காக ஜெபம் பண்ணாதப்பா. அம்மாக்குப் பண்ணியே, இன்னா ஆச்சு?"

"சரிம்மா."

அதன்பின் அவர் அந்த அறைக்குள் வரவில்லை. நிஜமாகவே விட்டுவிட்டாரா? நேற்றிலிருந்து அவளை அரித்தது அது ஒன்றுதான். இனிக் கேட்கவும் முடியாது.

நாய்கள் திரும்பி நடந்தன. ஏனென்று தெரியாமல் அவளும் பின்னால் போனாள்.

முதலில் பக்கத்து வீட்டில், பெஞ்சமின் அண்ணன் வாசலில் நின்றன. குரைக்கவில்லை. நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த வீடு. டீக்கடை வாசலில், அப்பா அவற்றுக்குப் பொறை ரொட்டி வாங்கிப் போடும் இடத்தில், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்து நாய்கள் நின்ற வீட்டில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த பார்வதம் வாளியைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி ஜெபா, டிரைவர் இல்லாமலே வண்டி கரெக்டா ஸ்டாப்புல நிக்குது?"

"எனக்கு இன்னா தெரியும் அத்த."

"என் முட்டி வலிக்குத்தான் இங்க நிப்பாரு. நான் மாரியாத்தாவுக்கு விளக்கு வெக்கறவ, எனக்கு எதுக்குன்னு கேட்டேன். முட்டிக்கு இன்னா சாமி தெரியும்னாரு." சிரித்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வலி போவல, போ."

தெரு முடிவதற்குள் வானம் வெளுத்துவிட்டது. சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து கடற்காற்று வந்தது. நாய்கள் அவள் வீட்டுக்கே திரும்பின. வாசலில் நிற்கவில்லை. பக்கச் சந்தில் நுழைந்து, செப்டிக் டேங்கைத் தாண்டி, பின்பக்கம் போயின. அவள் அங்கே போவதே இல்லை.

அவளுடைய அறை ஜன்னலுக்குக் கீழே நின்றன. எப்போதும் சாத்தியிருக்கும் ஜன்னல். இங்கும் நடுவில் அதே இடைவெளி.

ஜெபா குனிந்து பார்த்தாள். ராத்திரி தூறலில் மணல் முழுக்கப் புள்ளி விழுந்திருந்தது. இடைவெளியில் மட்டும் அருகருகே இரண்டு குழிகள். வெகுநாளாக முழங்கால் அழுந்திக் கெட்டிப்பட்ட குழிகள். அவற்றுக்குள் ஒரு புள்ளிகூட இல்லை.

அந்த இடத்தில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னல் கொக்கி துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள். பிறகு டைரியை எடுத்தாள்.

நாளை: விடியுமுன் எழ வேண்டும். பொறை வாங்கி வைக்க வேண்டும். பெஞ்சமின் அண்ணன் வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.