வாய்க்காலுக்குள் இறங்கியவள்

அன்று காலையிலிருந்தே சுபாஜினிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரவு முழுக்க மழை கொட்டியிருந்தது. கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊருக்கு வெளியே ஓடும் ஆற்றில் சால்மன் மீன்களைக் கண்காணிப்பது அவளுடைய வேலை. கோடையில் அவளும் கூட வேலை செய்கிறவர்களும் ஆற்றடியில் கூழாங்கல் பரப்பியிருந்தார்கள். கடலிலிருந்து ஏறிவந்த மீன்கள் அந்தக் கற்களுக்குள் முட்டையிட்டுவிட்டன. இனி வசந்தம்வரை அவற்றுக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும்.

மத்தியானத்துக்குமேல் போய்ப் பார்த்தாள். கரையோரமாகக் காவி நிறத்தில் ஒரு கலங்கல் வந்துகொண்டிருந்தது. நிலத்துக்குள் கிடக்கும் இரும்புச்சத்தைக் கிளறினால் வருகிற கசடு அது. கல்லிடுக்கில் படிந்தால் முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். கலங்கல் வந்த திசையில் நடந்தாள், பிறகு ஓடினாள்.

மேலே ஒரு வயல் வெள்ளக்காடாகக் கிடந்தது. அதன் ஓரத்தில், ஆற்றில் போய்ச் சேரும் வடிகால் வாய்க்காலை மண்வெட்டும் மெசின் ஆழமாக்கிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் கோணேசன். தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும்போது கண்டு கதைத்த மனிதர்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. கீழ மீன் முட்டையெல்லாம் செத்துப்போகும்."

"நான் என்ன செய்யிறது, தங்கச்சி? இண்டைக்கே முடிக்கச் சொல்லி முதலாளி ஒற்றைக்காலில நிக்கிறார். வயல்காரனும் பாவம், பயிர் அழுகுது."

"அனுமதி எடுத்தவையோ?"

"அதை கொமூனவிட்டத்தான் கேக்கவேணும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம்; கொமூன என்கிற நகரசபை அலுவலகம் பூட்டியாகிவிட்டது. அவசர எண்ணுக்கு அழைத்தாள்; எடுத்தவர் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை. அதற்குள் மெசின் திரும்பவும் உறுமியது.

சுபாஜினி யோசிக்கவில்லை. வாய்க்காலுக்குள் இறங்கி, மண் அள்ளும் வாளிக்கு நேரே நின்றாள். சேறு முழங்காலைப் பிடித்தது.

மெசின் நின்றது. கோணேசன் குதித்து இறங்கினார். "உங்களுக்கென்ன விசரோ? வாளி அடிச்சிருந்தா நான் ஆருக்குப் பதில் சொல்றது?"

அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவர் முதலாளிக்கு போன் எடுத்தார். அந்தப் பக்கம் டேனிஷில் கத்துவது அவளுக்கும் கேட்டது. கோணேசன் கடைசியில், "பொம்பிளை வாய்க்காலுக்குள்ள நிக்கிறா, நான் வெட்டமாட்டன்" என்று டேனிஷில் சொல்லி போனை வைத்தார்.

"ஏறுங்கோ மேல. அடைச்சு விடுறன்."

வெட்டி எடுத்த களிமண்ணையே திரும்ப அள்ளிப்போட்டு, வாய்க்கால் வாயை அடைத்தார். தண்ணீர் தேங்கியது; கீழே போன கலங்கல் மெல்ல மெலிந்தது. ஆனால் போனது போனதுதான்.

கொமூன ஆள் மறுநாள்தான் வந்தார். அனுமதியில்லாத வேலை என்று தடுத்துவிட்டு, கசடு படிய ஒரு குட்டை வெட்டிய பிறகே வடிகாலைத் திறக்கலாம் என்றார். சொல் கேட்காத கோணேசனை முதலாளி தூரத்தில் சில்க்போர்க் பக்கத்து வேலைக்கு மாற்றினார். அவர் விடியமுன் கார் எடுத்து ஓடவேண்டியிருந்தது. அது சுபாஜினியைக் குடைந்தது. மழை பெய்த ஒவ்வொரு நாளும் ஆற்றங்கரைக்குப் போய் நின்றாள்.

வசந்தத்தில் கற்களைக் கிளறிப் பார்த்தார்கள். வாய்க்கால் சேரும் இடத்தில் முட்டைகள் வெள்ளையாகச் செத்துக்கிடந்தன. அடுத்த வளைவில், கலங்கல் எட்டாத பரப்பில், குஞ்சுகள் நெளிந்தன.

அவள் கோணேசனுக்கு போன் எடுத்தாள். "அரைவாசி தப்பியிட்டுது, அண்ணை."

அவர் கேட்டார், "மற்ற அரைவாசி?"

"வாற வருசம் திரும்பக் கல்லுப் போடவேணும்."

"சனிக்கிழமையெண்டால் சொல்லுங்கோ," என்றார் கோணேசன். "வாறன்."