தெளிக்காத வரிசை

அப்பாவுக்குச் சட்டை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மகளின் போன் அடித்தது. அவள் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து. இலை முடிவு வந்துவிட்டதாம்.

காலையில் இரண்டாவது காபி கேட்டுவிட்டு, அது வருவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். காத்திருக்கிற பழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது.

அவருடைய ஆரஞ்சுத் தோட்டத்தில் மூன்று வருடமாக இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகக் கிடந்தன. மண்ணில் ஜிங்க் எனும் துத்தநாகச் சத்து இருந்தது. ஆனால் சுண்ணாம்பு மண், வேருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அதையே கரைத்து இலைமேல் தெளித்தால் சரியாகும் என்று அவள் தலைகீழாக நின்றும் அவர் கேட்கவில்லை.

"மண்ணு குடுக்குது, மரம் வாங்க மாட்டேங்குது. மரத்துக்குத் திமிரு. உன்னை மாதிரி."

கடைசியில் பந்தயம். ஒரு வரிசைக்கு மட்டும் அவள் தெளிப்பாள். மற்ற வரிசைகளை யாரும் தொடக்கூடாது. ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் இலை பறித்துப் பார்ப்பது. தோற்றால், "நீ சொன்னதுதான் சரி" என்று அப்பா வாயால் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது.

"ரெண்டு வரிசையும் ஒரே அளவுதான்க்கா," என்றாள் கூட வேலை பார்ப்பவள், போனில். "ஜிங்க் ரெண்டுலயும் நல்லா ஏறியிருக்கு."

"இலைப் பையை மாத்திட்டியா?"

"இல்லக்கா, ரெண்டு தடவை பாத்துட்டேன்."

தெளித்தாலும் தெளிக்காவிட்டாலும் ஒன்றுதானா? அவளுக்கு அழுகை முட்டியது. "செத்தும் ஜெயிச்சிட்டாரும்மா."

தலைமாட்டில் இருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளென்று கிட்டே போனால், சிரிக்கிறாள்.

"ஒரே மாசத்துல உன் வரிசைத் துளிர் பச்சையா வந்துச்சுல்ல, அதைப் பாத்துட்டு என்னை அவர் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொன்னாருடி. மடியில தெளிக்கிற கேன். மிச்ச வரிசை பூரா அவரே தெளிச்சாரு. ஒருத்தன் சாப்பிட, மத்தவன் பாத்துக்கிட்டே நிக்கணுமா, பாவமில்லையான்னாரு."

"போன வாரம்கூட 'தெளிக்காத மரமும் பச்சையாத்தானே இருக்கு'ன்னு என்கிட்ட சவடால் அடிச்சாரே!"

"அடிச்சாரு. நீ அந்தப் பக்கம் போனதும், 'அவ சொன்னதுதான் சரி. சொல்லிடாதே, தலைல ஏறி உக்காந்துக்குவா'ன்னாரு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணீரோடு. இவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகு நாளாயிற்று, இன்றைக்குப் போயா! சத்தம் கேட்டு உள்ளே வந்த சித்தப்பா, குலுங்குகிற இரண்டு முதுகுகளையும் பார்த்துக் கலங்கிப்போனார்.

"அழுது தீத்துடுங்க," என்று ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு வாய் குடித்ததும் அவளுக்குப் புரையேறியது. அம்மா அவள் உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினை…" என்று ஆரம்பித்து, கட்டிலைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இருமல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தாள்.