வீச்சு எட்டிய தூரம்

நீபியாவுக்கு அந்தப் பாறையைக் கண்டாலே பிடிக்காது. ரோச்சா கடற்கரையில் மணல் முடிகிற இடத்திலிருந்து கடலுக்குள் நீண்டு கிடக்கும் கரும்பாறை அது. கடைவாய்ப்பல் என்று ஊரில் அதற்குப் பெயர். ஆனால் அந்தப் பக்கத்தில் கோடை நெருங்கும் நவம்பர் பிறந்து தண்ணீரில் குளிர் விட்டுப்போனால் கருங்கத்தாழை மீன்கள் முட்டையிடக் கரையோரம் வரும். அதில் பெரியவை பாறையடியில்தான் மேயும். அவள் கணவன் தார்தோவுக்கு அப்போது பாறையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் மூவரும் வண்டியின் பின்கதவை இறக்கிப் பலகையாக்கிக்கொண்டு தூண்டில் கட்டினார்கள். மூன்றாவது ஆள் லெதெஸ்மா. தார்தோவின் பால்ய நண்பன், அவர்களுடைய மகளுக்கு ஞானத்தகப்பன். மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, மாத்தே என்னும் கசப்பு இலைத் தேநீரை உறிஞ்சியபடி எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னும் அதே நைலான் தங்கூசியா? நல்லா கட்டிக்கிட்டு அழு," என்றான் தார்தோ. "இந்தப் பின்னல் நூலைப் பாரு. மயிர் மாதிரி இருக்கு, மாட்டையே இழுக்கும்."

"மாட்டை இழுக்கும். பாறையில ஒரு தடவை உரசினா கதை முடிஞ்சுது. தங்கூசின்னா இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். மீன் எவ்வளவு உதறினாலும் வாய் கிழியாது," என்றாள் நீபியா.

"தார்தோ, உன் பொண்டாட்டி நூல்ல மீன் மாட்டுதோ இல்லையோ, துணி காயப்போடலாம்," என்றான் லெதெஸ்மா.

"முதல்ல உன் ரப்பர் கால்சட்டையைக் காயப்போடறேன், கழட்டிக் குடு. நீச்சலும் தெரியாது, இதுல இது வேற."

"நான் மீன் பிடிக்க வந்தேன் தாயே, நீந்த வரல."

சிரித்துக்கொண்டேதான் பிரிந்தார்கள். ஆண்கள் இருவரும் நண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறினார்கள். நீபியா மணலிலேயே நின்றுகொண்டாள். அவளுடையது நாலு மீட்டர் கோல். கம்பிக்கால் வைத்த ஈயக்குண்டு. கால்கள் மணலில் ஊன்றிக்கொண்டால் குண்டு நகராது. பாதி நண்டை முள்ளில் வைத்து நூலால் சுற்றி, இடுப்பைத் திருப்பி வீசினாள். குண்டு போய் விழுந்தது. நூலை இறுக்கிவிட்டு விரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போலப் படுத்திருந்தது. இப்படிப்பட்ட நாளில் கடற்காகங்கள் தண்ணீர்மேல் மிதக்க வேண்டும். அன்று ஒன்றுகூட இல்லை. திரும்பிப் பார்த்தாள். எல்லாம் மணல்மேட்டுக்குப் பின்னால் புல்லில், ஒரே திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன.

விரலுக்கடியில் நூல் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. மீன் இல்லை; மீன் இழுத்தால் துடிப்பு இருக்கும். இது யாரோ அவசரமே இல்லாமல் இழுத்துக்கொண்டு போவதைப்போல இருந்தது. சுருட்டி எடுத்துப் பார்த்தாள். குண்டின் கம்பிக்கால் நாலும் பின்னால் மடங்கியிருந்தன. மேலே அலையே இல்லாத கடலுக்கு அடியில் ஒரு பெரிய இழுப்பு ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ தெற்கே, கண்ணுக்கெட்டாத தூரத்தில், புயல் ஒன்று கடலைப் புரட்டியிருக்க வேண்டும்.

அவள் பாறையைப் பார்த்தாள். தண்ணீர் அதன் விளிம்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சிப்பிகள் ஒட்டிய பட்டை தெரிந்தது. அதற்கும் கீழே, அவள் இதுவரை பார்த்தேயிராத பழுப்புப் பாசி தொங்கிக்கொண்டு சொட்டியது.

"தார்தோ! இறங்கு! ரெண்டு பேரும் இறங்குங்க!"

தார்தோ அப்போது கோலை வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். மீன் மாட்டியிருந்தது. லெதெஸ்மா அவளைப் பார்த்துக் கையை ஆட்டி, இரண்டு கைகளையும் விரித்து மீனின் நீளத்தைக் காட்டினான்.

அலை உடையவில்லை. நுரையும் இல்லை. கடல் முழுவதும் ஒரு தோளைத் தூக்குவதுபோல் எழுந்து, பாறைமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. இறங்கியபோது பாறை காலியாக இருந்தது.

நீபியா ஓடவில்லை. இடுப்புக் கத்தியை எடுத்துத் தூண்டில் முள்ளையும் குண்டையும் அறுத்தெறிந்தாள். தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசியைக் கொட்டினாள். கொஞ்சம் மிச்சமிருந்தால்தான் வீச்சுக்குக் கனம் கிடைக்கும். மூடியை இறுக்கி அதன் கழுத்தில் தங்கூசியைக் கட்டினாள். முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கினாள்.

இரண்டு தலைகள் தெரிந்தன. கிட்டத்தில் இருந்தது லெதெஸ்மா. கால்சட்டைக்குள் தண்ணீர் ஏறி, முகம் மட்டும் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவனுக்கு அப்பால், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரத்தில், தார்தோ. கவிழ்ந்த நண்டு வாளியைக் கட்டிக்கொண்டு கையை உயர்த்தினான்.

"நீபியா! இங்க!"

அவள் வீசினாள்.

பாட்டில் காற்றில் புரண்டு போய், லெதெஸ்மாவைத் தாண்டி விழுந்தது. நூல் அவன் தோள்மேல் படிந்தது. அவன் நூலைப் பற்றித் தடவித் தடவிப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"நீபியா!" என்று மறுபடியும் தார்தோவின் குரல்.

நேராக இழுத்தால் நூல் அறுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். இழுப்பு லெதெஸ்மாவைக் கடலுக்குள் கொண்டுபோனபோது ரீலைத் தளர்த்தி விட்டுக்கொடுத்தாள். சற்று ஓய்ந்ததும் சுருட்டினாள். மணலில் வடக்கே நடந்துகொண்டே அவனைப் பக்கவாட்டில் நகர்த்தி, இழுப்பை விட்டு அலை உடைகிற இடத்துக்குக் கொண்டுவந்தாள். நூல் நீண்டது, சுருங்கியது, அறுபடவில்லை. நூலை விட்டுவிடு, இன்னொரு தடவை வீசு என்று உள்ளே ஒரு குரல் கத்திக்கொண்டே இருந்தது. கை கேட்கவில்லை. கண் மட்டும் அந்த வாளியின் மீது இருந்தது. அது ஒவ்வொரு தடவை தெரிந்தபோதும் இன்னும் சிறியதாக இருந்தது. பிறகு பாறைமுனைக்கு அப்பால் போய் மறைந்தது.

லெதெஸ்மாவைக் காலரைப் பிடித்து மணலுக்கு இழுத்தபோது அவன் வாந்தி எடுத்தான். "அவன் எங்க? அவன் எங்க?" என்றான். அவள் தன் மேல்சட்டையை அவன்மீது வீசிவிட்டு, படகுத்துறைக்கு ஓடினாள்.

மோட்டார் படகுக்காரர்கள் தார்தோவைக் கண்டுபிடித்தபோது சூரியன் இறங்கிவிட்டிருந்தது. உயிர் இருந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல் நீலம்பாரித்திருந்தது. வாளியை விடுவிக்க விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. துறையில் இறக்கியதும் அவன் நீபியாவைப் பார்த்தான். அவள் சட்டையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த லெதெஸ்மாவைப் பார்த்தான்.

ஊரே அவளைப் புகழ்ந்தது. லெதெஸ்மாவின் தாய் வந்து அவள் கைகளை முத்தமிட்டாள். லெதெஸ்மா ஒவ்வொரு ஞாயிறும் கறி சுட இறைச்சி வாங்கிக்கொண்டு வந்தான். தார்தோ அவனுக்கு நாற்காலி போட்டான், மாத்தே ஊற்றிக் கொடுத்தான், ஒரு கேலிகூடப் பேசவில்லை. முப்பது வருஷ நட்பில் அந்த மரியாதை புதிது. லெதெஸ்மா மெல்ல வருவதைக் குறைத்துக்கொண்டான்.

குளிர்காலத்தில் ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டிருந்தவளிடம் தார்தோ கேட்டான்.

"அன்னைக்கு நீ யாருக்கு வீசினே?"

நீந்தத் தெரியாதவன் அவன் என்று சொல்லியிருக்கலாம். உனக்குத்தான் வீசினேன், அவன் பிடித்துக்கொண்டான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவள் மாவிலிருந்து கையை எடுத்தாள்.

"அவன் எட்டற தூரத்துல இருந்தான். நீ இல்ல."

"பாத்ததுமே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவன் தலையை ஆட்டினான். "மீனுக்குன்னா அது சரியான கணக்குதான்," என்றான். அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை. வெறுப்பு இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும்போது அவன் தூங்காமல் கிடப்பது அவளுக்குத் தெரியும். அவள் புரண்டு படுத்தால் அவன் மூச்சு ஒரு கணம் நிற்கும்.

மறு நவம்பரில் அவன் தனியாகக் கிளம்பினான். "நீ வர வேணாம்," என்றான். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுப் பின்னாலேயே நடந்து போனாள். மணலில் நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாகப் பாறைமேல் ஏறி, வழுக்கும் பாசியில் கையை ஊன்றி ஊன்றி, அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கையில் கோல் இல்லை, ஒன்றும் இல்லை.

"இங்க எதுக்கு வந்தே?" என்றான் அவன், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அலை வந்தா கரையில ஒரு ஆள் வேணாமா?"

அவள் காலணிகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். அவன் ஒருமுறை அவளைப் பார்த்தான். பிறகு பையை நகர்த்தி இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தான். கீழே தண்ணீர் எழுந்து வந்து இருவர் கால்களையும் நனைத்துவிட்டு இறங்கியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.