ஹம்சவேணி சொன்னால் சரி

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாலு பேரும் சேர்ந்து வீணடிப்பது என்று கல்லூரி முடித்த வருஷமே தீர்மானமாகியிருந்தது. இருபது வருஷமாக அதில் மாற்றமில்லை. இந்த முறை உமேஷின் தோட்டத்து வீடு. பெங்களூரு வேலையை உதறிவிட்டு, உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஓட்டு வீடும் கிணறுமாக ஓர் இடம் வாங்கி, இரண்டு வருஷமாக அங்கே இஞ்சி பீர் தயாரித்துக்கொண்டிருந்தான். பீர் என்பது பெயரில் மட்டும்தான். இஞ்சியும் எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டு நுரைக்க வைத்தது. குடித்தால் போதை வராது, ஏப்பம் வரும். இது புரியாமல் செல்லூரில் அவன் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். மீதிப் பேர் ரகசியமாகப் பாட்டில் கேட்டார்கள்.

காளவாசலில் ஜனகராஜின் காரில் ஏறும்போது ஹம்சவேணியின் கையில் புளியோதரைத் தூக்கு இருந்தது. ஜனகராஜ் புடவைக் கடைக்காரன். பின் சீட்டில் பள்ளிக்கூட டீச்சர் ஸ்யாமளா.

"இன்னைக்கு லேபுக்கு வேலை இருக்கு ஹம்சா," என்றான் ஜனகராஜ். "மூணு டிரம் போட்டிருக்கானாம். நீ கை காட்டுறதுதான் நாளைக்குக் காலையில ஹோட்டலுக்குப் போகுது. மொத ஆர்டர்."

லேப் என்பது ஹம்சவேணியின் நாக்கு. கல்லூரி கேன்டீனில் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, இது நேற்றைய பால் என்று சொல்லிவிடுவாள். மாஸ்டர் மறுபேச்சில்லாமல் டம்ளரை வாங்கிக்கொள்வார். இவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குச் சமையல்காரர் பார்க்கப் போனால் அவளையும் கூட்டிப்போவார்கள். ஹம்சவேணி சொன்னால் சரி.

ஆனால் அந்த நாக்கு இப்போது அவளிடம் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் ருசியையும் கொண்டுபோய்விட்டது. சூடு தெரியும், குளிர்ச்சி தெரியும், காரம் சுருக்கென்று குத்துவது தெரியும். மற்றபடி வாயில் இருப்பது பால்கோவாவா சாக்பீஸா என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இது புருஷன் கார்த்திகேஷுக்கு மட்டும் தெரியும். வீட்டில் உப்புப் புளி பார்ப்பது அவன்தான். நேற்றே அவன் சேலம் போய்விட்டதால் இன்றைய புளியோதரையை யாரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கூட்டத்தில் ஜனகராஜ் சிரிக்க வைப்பவன், ஸ்யாமளா பாடுகிறவள், உமேஷ் படிப்பாளி. நாக்கும் போய்விட்டது என்றால் தான் யார் என்று அவளுக்கு விளங்கவில்லை. நாற்பது வயதில் இப்படிப் பயப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

பம்ப்செட்டில் காலை நனைத்து, வேப்பமர நிழலில் பழங்கதை பேசி, மத்தியானம் இலை போட்டார்கள். முதல் வாயிலேயே ஜனகராஜ் கண்ணை இறுக மூடி "ஆகா" என்றான். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினான். ஸ்யாமளா ஒரு சொம்புத் தண்ணீரைக் காலி செய்துவிட்டு வெயிலைத் திட்டினாள்.

வெயில் தாழ்ந்ததும் உமேஷ் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். ஈரச் சாக்கு தொங்கவிட்ட இருட்டில் மூன்று ஸ்டீல் டிரம்கள். ஒவ்வொன்றின் குழாயையும் திறந்து மூன்று டம்ளர்களை நிரப்பி ஹம்சவேணியிடம் நீட்டினான்.

"நீயே சொல்லு ஹம்சா. குடிச்சுக் குடிச்சு எனக்கு என் நாக்கு மேல நம்பிக்கையே போச்சு."

முதல் டம்ளர் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது நாக்கில் பட்டதும் சுருக்கென்று குத்தித் தொண்டை வரை இறங்கியது. மூன்றாவது கொஞ்சம் குறுகுறுத்தது. இஞ்சி இரண்டாவதில்தான் நன்றாக இறங்கியிருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

"ரெண்டாவது."

"ரெண்டாவதா?" உமேஷ் ஒரு கணம் அவளையே பார்த்தான். எதையோ சொல்ல வந்து விழுங்கினான். "சரி. நீ சொன்னா சரி."

மற்ற இருவரும் அந்த இரண்டாவதிலிருந்து ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். ஜனகராஜ் கண்ணை இறுக மூடி "ஆகா" என்றான். ஸ்யாமளா தண்ணீர்ச் சொம்பைத் தேடினாள்.

ஹம்சவேணிக்குச் சுரீரென்றது. மத்தியானம் இலைக்கு முன்னால் பார்த்த அதே முகங்கள், எதையோ மறைக்கிற முகங்கள்.

உமேஷ் பாட்டில்களைக் குழாயடியில் நிறுத்தி நிரப்பத் தொடங்கியிருந்தான். ஒவ்வொன்றிலும் அவனே ஒட்டிய லேபிள், கொஞ்சம் கோணலாக. அதைப் பார்த்துக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை.

"உமேஷ், மூடி போடாத. எனக்கு ருசி தெரியாதுடா. வாசனையும் தெரியாது. மூணு வருஷமாச்சு. குத்துறத வச்சு இஞ்சின்னு சொல்லிட்டேன்."

உமேஷ் குழாயை அடைத்தான். "அது புளிச்சு வினிகராயிருச்சு ஹம்சா," என்றான் மெதுவாக. "எனக்குத் தோணுச்சு. நீ சொன்னதும் என் நாக்குதான் தப்புன்னு விட்டுட்டேன்."

"நாளைக்கு இது ஹோட்டலுக்குப் போயிருந்தா?"

உமேஷ் நிரப்பிய பாட்டில்களை எடுத்துத் தரையில் கவிழ்த்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப புளியோதரை?" என்றான் ஜனகராஜ்.

"அதுக்கு என்ன?"

"உப்ப ரெண்டு தடவ போட்டிருக்க."

"அப்புறம் ஏன்டா திரும்பக் கேட்டு வாங்கித் தின்ன?"

"நீ செஞ்சு தப்பா இருக்கும்னு நான் கண்டேனா? என் வாயிலதான் கோளாறுன்னு இன்னொரு தரம் தின்னு பாத்தேன்."

ஸ்யாமளாதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். சிரித்தபடியே ஹம்சவேணியைக் கட்டிக்கொண்டு, "சொல்லித் தொலைக்கக் கூடாதாடி?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். ஹம்சவேணி அழுதுகொண்டே சிரித்தாள். மூன்று வருஷம் தூக்கித் திரிந்த சுமையை இறக்கியது போலிருந்தது.

பிறகு மற்ற மூவரும் தங்கள் நாக்கையே நம்ப வேண்டியதாயிற்று. பழக்கமில்லாத வேலை, அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் உமேஷ், "மூணாவதுதான். என் நாக்கு சொல்லுது," என்றான். நாலு பேருமாக உட்கார்ந்து பாட்டில்களை நிரப்பி மூடினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஹம்சவேணி அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். முதல் டம்ளரை ஜனகராஜிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்," என்றான் அவன், இருபது வருஷப் பழக்கத்தில்.

அவள் நகராமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"சர்க்கரை பத்தல," என்றான்.

அவள் சந்தோஷமாக உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள்.