தொண்டை காயுது

சனிக்கிழமை காலை, வழக்கம்போல் தைலம்மாள் எதிர்வீட்டுப் படியேறினாள். எதிர்வீட்டுச் சாயிமா யூதப் பெண்மணி. ஓய்வுநாளில் நெருப்பைத் தொடமாட்டார். மூட்டித் தரச் சொல்லிக் கேட்கவும் மாட்டார். "தொண்டை காயுது" என்பார், அவ்வளவுதான். அதைக் கேட்டு இருபத்திரண்டு வருடமாகத் தைலம்மாள் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்துக் கொடுக்கிறாள். தாமுவே பேட்டையின் பாதிப் பெண்களுக்குத் தையல் டீச்சராக இருந்ததில், டீச்சரம்மாவைப் பர்மியர் அழைக்கும் சாயிமா என்ற பட்டமே அவருக்குப் பெயராகிவிட்டது. தமிழும் அந்தப் பெண்களிடம் பிடித்துக்கொண்டதுதான்.

கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. நாளை விமானம். இஸ்ரவேலில் அவருக்கென்று இருப்பது அண்ணன் மகள் ஒருத்திதான். "எழுபத்தாறு வயசுல எங்கடி போறது" என்று முரண்டு பிடித்தவரை மூன்று மாதம் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவள் தைலம்மாள். சபைப் போதகரைக் கூட்டிவந்ததும் அவளே. யூதர்கள் சொந்த தேசம் திரும்புவது தேவசித்தம் என்று அவர் கண்கலங்கச் சொன்னார். காகிதங்களுக்கெல்லாம் நாயாய் அலைந்தார். அந்த அன்பை அவள் அப்படியே நம்பினாள்.

நேற்று மாலை ஜெபக்கூட்டத்தில்தான் போதகர் மீதியைச் சொன்னார். யூதர்கள் எல்லாரும் அங்கே கூடியபின் பெரும் யுத்தம் வரும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு மடியும், மிஞ்சியவர்கள் இயேசுவை ஏற்பார்கள், பிறகு ஆண்டவர் வருவார். சபையே ஆமென் என்றது. தைலம்மாளின் வாயும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. அப்புறம்தான் எழுந்து கேட்டாள்.

"அப்ப நம்ம சாயிமா, ஐயா?"

"அதை ஆண்டவர் பாத்துக்குவாரும்மா. அனுப்புறதுதான் நம்ம ஊழியம்."

படுபாவி, சிரித்துக்கொண்டே சொன்னார். முதுகில் குத்திவிட்டார்கள் என்று இரவெல்லாம் பொருமினாள். சாயிமாவைக் குத்தியது தன் கையைக் கொண்டுதான் என்பது விடிந்தபோது உறைத்தது.

"தொண்டை காயுது" என்றார் சாயிமா.

தைலம்மாள் அடுப்பைத் தொடாமல் நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னாள். "என்னை ஏமாத்திட்டாங்க சாயிமா. போகாதீங்க."

சாயிமா ஆச்சரியப்படவே இல்லை.

"அவங்க நெனப்பு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். அவங்க சொல்லியா கெளம்புனேன்? நான் தனியாக் கெடக்குறது பொறுக்காம நீ சொல்றியேன்னு கெளம்புனேன்." நிமிர்ந்து பார்த்தார். "நேத்து நீயும் ஆமென் சொன்னியா?"

தைலம்மாளுக்குப் பொய் வரவில்லை. தீப்பெட்டியை எடுத்துக் குச்சியைக் கிழித்தாள்.

"வேணாம். இன்னிக்குத் தாகம் இல்ல."

குச்சி அவள் விரல்வரை எரிந்து வந்தது.