எஸ்றாவின் டிரெய்லர் ஆணி

1974-இல் ஒரு நாள் காலை தூத்துக்குடி உப்பளத்தில் இருந்தவர்கள் நால்வர்: டிராக்டருக்குச் சொந்தக்காரரான எஸ்றா, அதை ஓட்டும் மகன் எபனேசர், மூட்டை ஏற்றிய முத்துக்கனி, பக்கத்து அளத்துக்காரர் ஆறுமுகநயினார். யாருடைய உப்பு முதலில் துறைமுகம் சேருகிறதோ, அதற்கே கப்பலில் இடம்.

டிராக்டரையும் டிரெய்லரையும் பூட்டும் ஆணியை எஸ்றா வேறு யாரையும் தொட விடமாட்டார். அன்று ஆணியைக் கையில் எடுத்தவர், ஆறுமுகநயினார் பார்ப்பதைக் கண்டதும் அதை மடியில் செருகிவிட்டு மீசையை முறுக்கினார். முறுக்கிய கையோடு டிராக்டரில் ஏறினார்.

"ஆணி போட்டாச்சாப்பா?" என்றான் எபனேசர்.

"ஏலே, என்னையவா கேக்க? எடு வண்டிய!"

டிரெய்லரில் இருந்த முத்துக்கனி வாயைத் திறந்தாள்.

"ஏளா, பொறப்படும்போது பின்னால இருந்து கூப்பிடாத!"

"கூப்பிடல அண்ணாச்சி" என்று அவள் மூட்டையில் சாய்ந்துகொண்டாள்.

புறப்பட்டபின் திரும்பிப் பார்ப்பதும் அந்தக் குடும்பத்தில் கிடையாது. "பாரமே தெரியாம பறக்குது பாத்தியாலே!" என்று எஸ்றா வழியெல்லாம் பூரித்தார்.

துறைமுக வாசலில் காவலாளி எட்டிப் பார்த்தான். "உப்பு எங்க அண்ணாச்சி?"

அன்று கப்பலில் ஆறுமுகநயினாரின் உப்பே ஏறியது.

டிரெய்லர் வழியில் கழன்று கடலுக்குள் பாய்ந்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். டிரெய்லர் அளத்தை விட்டு ஓர் அங்குலமும் நகரவில்லை.