நேர்ந்து வைத்த செண்பகம்

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்திருந்தது. மந்திரமூர்த்தியின் மூன்று சக்கர வண்டி தெருமுனையில் மணி அடித்ததும் யூனிஸ் டீச்சர் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். பார்க்கத்தான் வந்தாள். இனிமேல் வாங்குவதில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் கணவரிடம் சொல்லியிருந்தாள். வண்டி நிறையக் கறுப்புப் பைகளில் கன்றுகள். களக்காட்டுப் பக்கத்திலிருந்து கொண்டு வருகிறவன் என்பதால், அந்த மலைக்காற்றின் குளிர்ச்சி இன்னும் இலைகளில் இருப்பதுபோல அவளுக்கு எப்போதும் தோன்றும்.

“டீச்சரம்மா, தள்ளி நின்னு பாருங்க. தொட்டீங்கன்னா வாங்கிருவீங்க. பொறவு சாரு என்னையத்தான் பாப்பாரு.”

“சும்மா பாக்கத்தான் வந்தேன் மந்திரம்.”

“எல்லா வாட்டியும் அதத்தான் சொல்லுதீங்க.”

இளஞ்சிவப்பில் ஓர் இட்லிப்பூச் செடி இருந்தது. அந்த நிறம் தன்னிடம் இல்லை என்பது அவளுக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு அது இல்லாமல் எப்படி இத்தனை நாள் இருந்தோம் என்று தோன்றியது. தொட்டாள். குழம்பு ஆறுவதற்குள் இரண்டு பைகளை இடுப்பில் அணைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

பின்கட்டில் கிணற்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே ஏற்கெனவே ஒரு கூட்டம் காத்திருந்தது. எல்லாம் அவள் வாங்கியவை. நட இடமில்லாதவை, நட நேரமில்லாதவை. சிலவற்றின் வேர் பையைக் கிழித்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் இடம் தேடியது. ஓசூர் ரோஜாக்கள் பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலுக்குத் தாங்காமல் வருஷா வருஷம் கருகிப்போயின. ஒரு செடி பட்டுப்போனால் யூனிஸுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அந்தத் துக்கத்தை ஆற்றிக்கொள்ள இன்னொரு செடி வாங்குவாள். அலமாரியில் பிஸ்கட் டப்பா நிறைய விதைப் பொட்டலங்கள் வேறு. பொட்டலத்தின் மேலிருக்கும் பூவின் படத்தைப் பார்த்து வாங்கியவை. பிரிக்காமலே இருந்தன.

அவள் கணவர் வேதநாயகம் கருவூலத்தில் கிளார்க். ஏசுகிறவர் இல்லை. சாயங்காலம் வந்ததும் பனியனோடு கிணற்றில் இறைத்து அத்தனைக்கும் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான். புதிதாக வந்த இரண்டையும் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

“ஏட்டி யூனிஸ், நோவாகூட ஜோடி ஜோடியாத்தான் பேழையில ஏத்துனாரு. நீ சந்தையவே ஏத்திருக்கியே.”

“அந்தக் கலர் நம்மகிட்ட இல்லைங்க.”

“இல்லாத கலரு ஆண்டவர்கிட்ட நெறைய இருக்கு. எல்லாத்துக்கும் நாந்தான் தண்ணி ஊத்தணுமா?” என்று சிரித்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். “ஒண்ணு சொல்லுதேன், வருத்தப்படாத. வார ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகை. இந்தப் பையெல்லாம் காணிக்கையா கொண்டு வச்சிருவோம். ஏலத்துல எடுக்கவங்க வீட்டுல போய் மண்ணு கண்டு பிழைச்சுக்கிடட்டும். இங்கன இருந்தா மூச்சு முட்டிச் செத்துரும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிள்ளைகளை விடுதிக்கு அனுப்புகிற தாய்போல யூனிஸ் ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். “ஏலத்துல நான் எதையும் கேக்கமாட்டேன், போதுமா?” என்று கூடுதலாக ஒரு வாக்கும் கொடுத்தாள்.

அடுத்த நாள் காலையில் பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள் மதில் ஓரமாக வந்து கூப்பிட்டாள். கையில் பெயிண்ட் தகரம், தகரத்தில் செண்பகம். மூன்று வருஷத்துக்கு முன் மந்திரமூர்த்தி வண்டியில் யூனிஸ்தான் வற்புறுத்தி அதை வாங்க வைத்தாள். “ஒட்டுச் செடி அக்கா, சீக்கிரம் பூக்கும், வாங்குங்க” என்று அவள் சொன்ன வேகத்தில் சொர்ணாம்பாளும் வாங்கிவிட்டாள். அவள் ஆயுளில் யோசிக்காமல் வாங்கிய ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும். சீக்கிரம் பூக்கவில்லை. இப்போதுதான் உச்சியில் ஒரே ஒரு மொட்டு, மயிர் படர்ந்த பச்சைத் தோலுக்குள் விரல் நுனி அளவுக்கு வந்திருந்தது.

“டீச்சர், சஷ்டிக்குத் திருச்செந்தூர் போறோம். ஆறு நாளும் கோயில்லயேதான். சூரசம்காரம், திருக்கல்யாணம் எல்லாம் முடிஞ்சு திங்கக்கிழமைதான் வருவோம். இதுக்கு மட்டும் ரெண்டு வேளை தண்ணி காட்டிருங்க.”

“அதுக்கென்னக்கா, குடுங்க.”

சொர்ணாம்பாள் உடனே கொடுக்கவில்லை. தகரத்தை மதில்மேல் வைத்து, மொட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். “இந்த மொதப் பூவ காந்திமதி அம்மனுக்கு நேந்திருக்கேன். வள்ளியூர்ல எம் மக சுகிர்தாவுக்கு இது அஞ்சாம் மாசம். முந்தி ரெண்டு வாட்டியும் கையவிட்டுப் போச்சுல்லா. நான் வாரதுக்கு முந்தி விரிஞ்சா விரியட்டும். பறிக்க வேண்டாம். யாரும் மோந்து பாத்துராம மட்டும் பாத்துக்கிடுங்க. மோந்த பூவ சாமிக்கு வைக்கக்கூடாது.”

“நான் என் மூக்க அடகு வச்சிட்டுத் தண்ணி ஊத்துதேன் அக்கா” என்றாள் யூனிஸ். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் சொர்ணாம்பாள் கை தகரத்தின் விளிம்பிலேயே இருந்தது.

தண்ணீர் ஊற்ற வசதியாக இருக்கட்டும் என்று யூனிஸ் அந்தத் தகரத்தைப் பின்கட்டில் தன் பைகளுக்கு நடுவே வைத்தாள். அது யாருடையது என்று கணவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மாதப் பரீட்சைத் தாள் கட்டு வந்துவிட்டது. மறந்து போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் யூனிஸ் ஆலயத்துப் பின்னால் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து மறுநாள் அசன விருந்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, வேதநாயகம் ஓர் ஆட்டோ பிடித்துப் பைகளை ஏற்றினார். ஏற்றிக்கொண்டே வந்தவர் செண்பகத்துக்கு முன்னால் நின்றார். மற்றவை எல்லாம் இடமில்லாமல் கொடுப்பவை. மிச்சத்தைத்தானே ஆண்டவருக்குக் கொடுக்கிறோம் என்று காலையிலிருந்தே அவர் மனதில் ஒரு நெருடல். இதுதான் மொட்டோடு நிற்கிறது. உள்ளதில் சிறந்ததைக் கொடுப்பதுதான் காணிக்கை. தகரத்தின் வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டே ஆலயத்துக்குப் போனார். யூனிஸ் வீடு திரும்ப நடுராத்திரி ஆகிவிட்டது; காலையில் ஆராதனைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் பின்கட்டை எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் நுழைந்தபோதே கரும்பும் வாழைத்தாரும் கலந்த வாசனை அடித்தது. பலிபீடத்துக்கு முன்னால் போட்ட நீள மேசையில் பூசணிக்காய், முருங்கைக்கட்டு, நெல், முட்டை, கால் கட்டிய இரண்டு சேவல்கள். நட்ட நடுவில், எல்லாவற்றையும்விட உயரமாக, பெயிண்ட் தகரத்தில் செண்பகம். மொட்டு தோலைக் கிழித்து மஞ்சள் காட்டத் தொடங்கியிருந்தது.

யூனிஸ் பெண்கள் பகுதியிலிருந்து ஆண்கள் பகுதியைப் பார்த்தாள். வேதநாயகம் செண்பகத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஓர் ஆச்சரியம் கொடுத்த சந்தோஷம் அவர் முகத்தில். குருவானவர் கைகளை உயர்த்தி மேசையில் உள்ள அத்தனையையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து ஜெபித்தார். ‘ஆமென்’ என்று சபை சொன்னபோது யூனிஸின் உதடு மட்டும் அசைந்தது. கோயிலுக்கு நேர்ந்த செடி இங்கே ஒப்புக்கொடுக்கப்பட்டுவிட்டது. மேசையில் வைத்து ஜெபம் பண்ணினதை எழுந்து நின்று எப்படித் திருப்பிக் கேட்பது? கேட்டால், இத்தனை பேர் முன்னால் அவர் தலை குனிய வேண்டும். ‘ஆண்டவரே, இதை நீர் எடுத்துக்கொள்ளாதேயும்’ என்று தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜெபம் செய்தாள்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் ஏலம் தொடங்கியது. ஏலம் விடும் வேதமுத்துவுக்கு மைக் கையில் கிடைத்தால் தனிக் குரல் வந்துவிடும். ஓர் எலுமிச்சம்பழத்தை ஒரு மூட்டை விலைக்கு விற்கத் தெரிந்தவர். இட்லிப்பூவும் மற்றப் பைகளும் ஒவ்வொன்றாகப் போயின. யூனிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். செண்பகம் மேலே வந்தது.

“மொட்டோட நிக்கி பாருங்க! கர்த்தருடைய செண்பகம்! அம்பது ரூவா, யாரு?”

யூனிஸ் கையைத் தூக்கினாள். சபையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

“நான் அப்பமே நெனச்சேன்! டீச்சருக்குக் கை அரிக்க ஆரம்பிச்சிட்டு! வேதநாயகம் அண்ணாச்சி, மெதுவா வீட்டுக்குப் போம், இன்னைக்குப் பூரா உமக்குக் கெணத்தடியிலதான் வேலை!”

வேதநாயகம் அவளிடம் நெருங்கி வந்து, “என்னட்டி, வாக்குக் குடுத்தியே?” என்றார்.

“அது நம்ம செடி இல்லைங்க” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “சொர்ணாம்பாக்கா அம்மனுக்கு நேந்தது. சுகிர்தாவுக்காக.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவர் பயந்து போனார். பயத்தில் சட்டென்று கையைத் தூக்கி, மனைவி கேட்டதற்கு மேலே கேட்டார்.

கூட்டம் கொந்தளித்துவிட்டது. “ஏயப்பா! புருசனும் பொஞ்சாதியும் மோதுதாகளே!” என்று வேதமுத்து மைக்கில் கூவினார். இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரிச்சர்டுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. புதிதாக மரக்கடை வைத்து நன்றாக நடத்துகிறவன். கடை வைத்தபின் வரும் முதல் பண்டிகை என்பதால், தன் கையால் ஏதாவது ஒன்று பெரிதாகப் போக வேண்டும் என்று நினைத்து வந்திருந்தான். இரண்டு பேர் இப்படி ஆசைப்படுகிற செடி சாதாரணமாக இருக்காது என்று எண்ணினான். ஒரே வார்த்தையில் அவன் சொன்ன தொகை, வேதநாயகத்தின் பாதிச் சம்பளம். ஒரு தரம், ரெண்டு தரம் முடிந்து, தகரம் ரிச்சர்டின் ஸ்கூட்டரில் ஏறிப் போனது.

அசனச் சாப்பாடு இருவருக்கும் இறங்கவில்லை. சாயங்காலம் தூறல் விழ ஆரம்பித்தபோது ரிச்சர்ட் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். முன்வராந்தாவில் செண்பகம் இருந்தது. அவனுடைய மூன்று வயது மகள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, விரிந்தும் விரியாமலும் இருந்த அந்தப் பூவுக்குள் மூக்கை வைத்துக் கண்களை மூடியிருந்தாள். யூனிஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

வேதநாயகம்தான் எல்லாவற்றையும் சொன்னார். தன் தப்பு என்று சொன்னார். யூனிஸ், தன் தப்பு என்றாள். “நான் நெறைய வாங்கிப் போட்டதுனாலதான் தம்பி, இது அடுத்த வீட்டுச் செடின்னு இவுகளுக்குத் தெரியல.”

ரிச்சர்டின் மனைவி ஜெமிமா கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “பலிபீடத்துக்கு முன்னால வச்சு ஜெபம் பண்ணினது அக்கா. அத எப்படி வேற கோயிலுக்குக் குடுக்க?” என்றாள். கோபம் இல்லை. நிஜமாகவே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

ரிச்சர்ட் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். “அந்தம்மா நேந்தது முன்னால. நான் கேட்டது பின்னால. என் காணிக்கை ஆண்டவர்கிட்டப் போய்ச் சேந்துட்டு, அத யாரும் திருப்ப முடியாது. செடி அவுகளுது. எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. பணம் கிணம்னு பேசுனீங்கன்னா எனக்குக் கோவம் வரும்.”

ஜெமிமா உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று யூனிஸ் நினைத்தாள். அவள் குடையோடு வந்தாள். ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும், தன் தலை நனைய, குடையைப் பூவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆட்டோவில் வேதநாயகம், “பிள்ளை மோந்தத சொல்லணுமா யூனிஸ்? அந்தம்மா மனசு கஷ்டப்படும்” என்றார். அவள் தகரத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். “சொல்லணும்” என்றாள்.

திங்கட்கிழமை காலையில் சொர்ணாம்பாளும் அவள் கணவர் வைத்தியலிங்கமும் பஸ்ஸிலிருந்து வந்து இறங்கினார்கள். ஆறு நாள் விரதத்தில் சொர்ணாம்பாளின் கன்னம் ஒடுங்கியிருந்தது. சேலை ஓரத்தில் கடல் மணல். யூனிஸிடம் கொடுக்க உடன்குடிக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு மதில் பக்கம் வந்தவள் பூவைப் பார்த்துவிட்டாள். “விரிஞ்சிட்டா!” என்று சின்னப் பெண்போலக் கத்தினாள்.

யூனிஸ் கருப்பட்டியை வாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மேசையில் வைத்தது, ஜெபம் பண்ணினது, ஏலம், ரிச்சர்ட். கடைசியில், ரிச்சர்டின் மகள் மோந்தது. சொர்ணாம்பாளின் கை மதில் மேலேயே அசையாமல் இருந்தது. பின்கட்டில் இப்போது பைகள் இல்லை. அவை இருந்த இடத்தில் ஈர வட்டங்கள் மட்டும் சிமெண்டில் பதிந்திருந்தன. சொர்ணாம்பாள் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன வயசுப் பிள்ளை?” என்றாள்.

“மூணு.”

“பொம்பளப் பிள்ளையா?”

“ஆமாக்கா.”

“அப்பம் அம்மனே வந்து மோந்திருக்கா” என்றபடி சொர்ணாம்பாள் கருப்பட்டியை யூனிஸின் கையைப் பிடித்து அதில் வைத்தாள். உள்ளே போய்க் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். திருச்செந்தூரிலிருந்து விபூதி மடித்துக் கொண்டுவந்த பன்னீர் இலைகளில் ஒன்றை விரித்து, பூவைக் கிள்ளி அதில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மந்திரமூர்த்தியின் வண்டி மணி அடித்துக்கொண்டு வந்தது. “டீச்சரம்மா, மனோரஞ்சிதம் வந்திருக்கு, தள்ளி நின்னு பாருங்க” என்றான். யூனிஸ் வண்டியைப் பார்க்கவில்லை. ஈரத் தெருவில் சொர்ணாம்பாள், காந்திமதி அம்மன் கோயிலுக்குப் போகிற டவுன் பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். வலது கையில் இலை. அதைத் தன் மூச்சு படாமல், உடம்பைவிட்டு எட்ட, கையை முழுக்க நீட்டிப் பிடித்திருந்தாள். எதிரே சைக்கிளில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மந்திரமூர்த்தி மணி அடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினான்.

“செண்பகம்லா மணக்கு” என்றான்.